தொலைநோக்கி வழிகாட்டல்: குறுக்கிழையிலிருந்து கணினி வரை

நீண்ட நேர வானியல் ஒளிப்படம் எடுக்கும்போது தொலைநோக்கி தன் இலக்கிலிருந்து விலகாதபடி, ஒரு விண்மீனைத் தொடர்ந்து கவனித்து, விலகலை உடனுக்குடன் திருத்துவது வழிகாட்டல் எனப்படும். கவனிக்கப்படும் விண்மீன் வழிகாட்டி விண்மீன் எனப்படுகிறது. இந்த வேலையை நெடுங்காலம் மனிதக் கண்ணும் கையும் செய்தன. இன்று ஒரு சிறிய படக்கருவியும் கணினி மென்பொருளும் செய்கின்றன. இதுவே தானியங்கி வழிகாட்டல்.

கருவிகள் மாறினாலும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. வழிகாட்டும் கண்ணுக்கோ படக்கருவிக்கோ தெரிவது ஒரு ஒளிப்புள்ளியின் அசைவு மட்டுமே. காற்றின் நடுக்கம், பற்சக்கரத்தின் பிழை, குழாயின் வளைவு, படக்கருவியின் கோளாறு ஆகிய எதுவும் அந்தப் புள்ளியை நகர்த்தியதுபோல் காட்டக்கூடும். எது உண்மைக் காரணம் என்று பிரித்தறிவதே இத்துறையின் வரலாறு முழுவதும் வானியலாளர்கள் செய்துவந்த வேலை. சென்னை, காவலூர் ஆகிய ஆய்வகங்கள் வழியாகவும், திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூர் போன்ற ஊர்களின் வானத்தை வைத்தும் அந்த வரலாற்றையும் இன்றைய கோளாறுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வழிகாட்டலின் தேவை

புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி, அதாவது 86,164 விநாடிகள் ஆகின்றன. இதனால் வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் ஒவ்வொரு விநாடியும் சுமார் 15 வில்விநாடி நகர்வதாகத் தோன்றும். ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கே ஒரு வில்விநாடி. 1,000 மி.மீ. குவியத்தூரம் உள்ள தொலைநோக்கியில் ஒரு வில்விநாடி என்பது படத்தளத்தில் 4.85 மைக்ரோமீட்டர். தொலைநோக்கி அசையாமல் நின்றால் ஒரே விநாடியில் விண்மீன் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும்.

இதைத் தவிர்க்க, புவியின் அச்சுக்கு இணையான அச்சில் தொலைநோக்கியைச் சுழற்றும் நிலநடுவரைத் தாங்கி பயன்படுகிறது. இதை முன்பு எடை விழும் விசையால் ஓடும் கடிகாரப் பொறி இயக்கியது; இன்று மின்னோடி இயக்குகிறது. ஆனால் எந்தப் பற்சக்கரமும் குறையற்றதல்ல. 180 பற்கள் கொண்ட சக்கரத்தை ஒரு திருகுத்தண்டு சுழற்றுகிறது என்றால், அத்தண்டு ஒருமுறை சுற்ற 86,164 ÷ 180, அதாவது ஏறத்தாழ 479 விநாடிகள் ஆகும். தண்டிலுள்ள சிறு கோணல் 8 நிமிடத்துக்கு ஒருமுறை விண்மீனை முன்னும் பின்னும் தள்ளும். இதற்குச் சுழற்சிப் பிழை என்று பெயர். வழிகாட்டல் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

குறுக்கிழையும் கண்ணும்

1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர், ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிபடச் செய்து ஒளிப்படம் எடுத்தார். நெபுலா ஒன்றின் முதல் ஒளிப்படம் அதுவே. அதன் பிறகு ஒளிபடும் நேரம் மணிக்கணக்காக நீண்டது. தொலைநோக்கியை இயக்கிய கடிகாரப் பொறியை அத்தனை நேரம் நம்ப முடியாது. எனவே முதன்மைத் தொலைநோக்கியோடு இணையாக இன்னொரு தொலைநோக்கி பொருத்தப்பட்டது. அதன் கண்ணருகு வில்லையில் சிலந்தி இழையால் ஆன குறுக்கிழை இருக்கும். வழிகாட்டி விண்மீனைக் குறுக்கிழை வெட்டும் இடத்தில் வைத்து, அது நகரும்போதெல்லாம் கைத்திருகால் தொலைநோக்கியை நகர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். குளிரிலும் இருளிலும் கண்ணை எடுக்காமல் மணிக்கணக்கில் செய்யவேண்டிய வேலை அது.

1887இல் பாரிசில் கூடிய வானியல் மாநாடு, வானம் முழுவதையும் ஒளிப்படமாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, வழிகாட்டுத் தொலைநோக்கியோடு கூடிய கருவியே அதற்கு அடிப்படையானது. பிரான்சின் ஹென்றி சகோதரர்கள் உருவாக்கிய மாதிரியில் ஒளிப்படத் தொலைநோக்கியும் வழிகாட்டுத் தொலைநோக்கியும் ஒரே பெட்டிக் குழாய்க்குள் அருகருகே இருந்தன. இரண்டும் ஒன்றாகவே வளைய வேண்டும், ஒன்று வளைந்து மற்றது வளையாமல் இருக்கக் கூடாது என்பதே அந்த அமைப்பின் நோக்கம். இத்திட்டத்தில் இந்தியாவின் பங்கை ஹைதராபாத்திலிருந்த நிஜாமியா ஆய்வகம் ஏற்றது. வானின் தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையிலான பட்டை அதன் பொறுப்பில் இருந்தது.

13 பாகை வடக்கு: நுங்கம்பாக்கமும் காவலூரும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிமுடிக்கப்பட்ட ஆய்வகம் ஒளிப்படக் காலத்துக்கு முந்தையது. அங்கே விண்மீன்களின் இடங்கள் கண்ணால் பார்த்து அளக்கப்பட்டன. டி. ஜி. டெய்லர் உருவாக்கிய, 1844இல் வெளிவந்த விண்மீன் பட்டியலில் 11,015 விண்மீன்கள் இருந்தன. நார்மன் போக்சன் 1861இல் ஏசியா என்ற சிறுகோளை இங்கிருந்து கண்டறிந்தார். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியது. அங்கு முதன்மைப் பொருள் சூரியன் என்பதால், மங்கலான விண்மீன்களை மணிக்கணக்கில் தொடரும் தேவை குறைவாகவே இருந்தது.

அந்தத் தேவையைத் தமிழ்நாட்டுக்கு மீண்டும் கொண்டுவந்தவர் வைணு பாப்பு (1927–1982). அவர் சென்னையில் பிறந்தவர்; அவருடைய தந்தை நிஜாமியா ஆய்வகத்தில் பணியாற்றியவர். வைணு பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலை 2 அன்று, தாம் எடுத்த ஒளிப்படத் தட்டொன்றில் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். அது பாப்பு–போக்–நியூகிர்க் வால்மீன் எனப் பெயர் பெற்றது. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற பின், இரவு வானத்துக்கு ஏற்ற இடம் தேடி, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கு பணி தொடங்கியது. 1972இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது. இந்தியாவிலேயே உருவான 234 செ.மீ. தொலைநோக்கி, பாப்பு மறைந்த பின், 1986 ஜனவரி 6 அன்று அவர் பெயரால் நாட்டுக்கு அளிக்கப்பட்டது.

காவலூரின் அகலாங்கு 12 பாகை 34 கலை வடக்கு. சென்னையும் கடம்பத்தூரும் ஏறத்தாழ 13 பாகையில் உள்ளன. இந்த அகலாங்கிலிருந்து வட வானம் முழுவதையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க முடியும். அதுவே காவலூரின் சிறப்பு. ஆனால் இதே அகலாங்கு, பின்னர் காணவிருப்பதுபோல, தாங்கியை அமைப்பதில் சிக்கலையும் தருகிறது.

வழிகாட்டல் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி நல்ல எடுத்துக்காட்டு. 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். பின்னர் அதற்குக் கணித மேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. போக்சன் 1885இல் வேரா சிறுகோளைக் கண்டபின், இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. நீண்ட நேர ஒளிப்படத்தில் விண்மீன்கள் புள்ளிகளாகவும், தானே நகரும் சிறுகோள் சிறு கீற்றாகவும் பதிவாகும். வழிகாட்டல் தவறினால் விண்மீன்களும் கீற்றாகிவிடும். தேடும் பொருளை அடையாளம் காணும் வழியே அடைபட்டுவிடும்.

1977: ஒளி குறைந்தது ஏன்?

1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனின் முன்னே கடந்துசெல்ல இருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியால் அந்த விண்மீனின் ஒளியைத் தொடர்ந்து அளந்தனர். எதிர்பாராத ஒரு தருணத்தில் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டது.

ஒளிமின் அளவியில் விண்மீனின் ஒளி ஒரு சிறு துளை வழியாகவே உணரியை அடைகிறது. விண்மீன் துளையின் விளிம்புக்கு நகர்ந்தாலும் ஒளி குறையும். மெல்லிய மேகம் கடந்தாலும் குறையும். உண்மையிலேயே ஏதோ ஒன்று குறுக்கே வந்தாலும் குறையும். பதிவுத்தாளில் மூன்றும் ஒரே மாதிரியான பள்ளமாகத் தெரியக்கூடும். எனவே இத்தகைய அளவீட்டில் தொலைநோக்கி இலக்கில் உறுதியாக நின்றது என்று தெரிந்தால்தான் அளவீட்டுக்குப் பொருள் உண்டு.

அதே நிகழ்வை அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழுவினர் கைப்பர் வானூர்தி ஆய்வகத்திலிருந்து, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தபடி பார்த்தனர். கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் பலமுறை ஒளி குறைந்ததை அவர்கள் பதிவு செய்தனர். காவலூர்க் குழு தாம் கண்டதை முதலில் யுரேனசின் ஒரு புதிய துணைக்கோள் எனக் கருதியது. வெவ்வேறு இடங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது, காரணம் யுரேனசைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று. ஒரு அளவீட்டை ஐயமறச் செய்வது அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு அளவீடே. தானியங்கி வழிகாட்டலில் கோளாறு தேடுவோருக்கும் இதுவே முதல் பாடம்.

ஒளிமின் கருவியிலிருந்து மென்பொருளுக்கு

மனிதக் கண்ணை விடுவிக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கியது. 1937இல் விட்ஃபோர்டும் கிரோனும் ஒளிமின்கலத்தால் தொலைநோக்கியை வழிகாட்டும் கருவியை விவரித்தனர். 1948இல் ஹொரேஸ் பாப்காக் மவுண்ட் வில்சன் ஆய்வகத்துக்கான ஒளிமின் வழிகாட்டியை வெளியிட்டார். இவை பெரிய ஆய்வகங்களுக்கு மட்டுமே கைகூடியவை.

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி எனப்படும் மின்னூட்ட இணைப்புச் சாதனத்தை உருவாக்கினர். 2009இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். அமெரிக்காவின் எஸ்பிஐஜி நிறுவனம் எஸ்டி–4 என்ற சிறு சிசிடி வழிகாட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆர்வலர்களுக்கும் தானியங்கி வழிகாட்டல் எட்டியது. அக்கருவி மறைந்துவிட்டாலும், இன்றும் தாங்கிகளில் உள்ள வழிகாட்டுத் துளைக்கு எஸ்டி–4 என்றே பெயர்.

அடுத்த திருப்பம் மென்பொருளால் வந்தது. கிரேக் ஸ்டார்க் எழுதிய பிஎச்டி என்ற இலவச மென்பொருளின் பெயர், ‘இங்கே அழுத்து, மடையா’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அத்தனை எளிதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அதன் வழித்தோன்றலான பிஎச்டி2 கட்டற்ற மென்பொருளாகப் பலராலும் மேம்படுத்தப்பட்டு வருகிறது. விண்டோசில் ஆஸ்காம், லினக்சில் இண்டி ஆகிய பொது இடைமுகங்கள் வழியாக அது படக்கருவியோடும் தாங்கியோடும் பேசுகிறது.

மென்பொருளின் பணி நான்கு படிகளைக் கொண்டது: படம் எடுத்தல், விண்மீனின் ஒளி மையத்தைக் கணித்தல், பழைய இடத்திலிருந்து விலகலை அளத்தல், தாங்கிக்குத் திருத்தத் துடிப்பு அனுப்புதல். தாங்கியின் வழிகாட்டு வேகம் விண்மீன் வேகத்தில் பாதி, அதாவது விநாடிக்கு 7.5 வில்விநாடி என்றால், 1.5 வில்விநாடி விலகலைத் திருத்த 0.2 விநாடித் துடிப்பு போதும். ஒளி மையம் பல படவணுக்களின் ஒளியிலிருந்து கணிக்கப்படுவதால், ஒரு படவணுவின் சிறு பின்னம் அளவு விலகலும் தெரியவரும். எனவே வழிகாட்டுத் தொலைநோக்கி சிறிதாக இருந்தாலும் வேலை நடக்கிறது.

படக்கருவிக் கோளாறுகள்

இணைப்பு அறுதல்: படக்கருவி கணினியில் தெரியாமல் போவது, சில நிமிடம் ஓடி நின்றுவிடுவது ஆகியவற்றுக்கு யுஎஸ்பி கம்பியும் மின்வழங்கலுமே அடிக்கடி காரணம். யுஎஸ்பி 2.0 கம்பிக்கு 5 மீட்டர் என்பது வரம்பு. தாமே மின்சாரம் பெறாத பிரிப்பான்கள் இரண்டு படக்கருவிகளைத் தாங்குவதில்லை. தாங்கி திரும்பும்போது கம்பி இழுபட்டும் இணைப்பு தளரும். மின்சேமிப்புக்காகக் கணினி தானே யுஎஸ்பி துளையை அணைப்பதும் உண்டு. அந்த அமைப்பை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு படக்கருவிகள் இருந்தால், மென்பொருள் முதன்மைப் படக்கருவியையே வழிகாட்டியாக எடுத்துக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும்.

பொய் விண்மீன்: உணரியில் ஒளியே படாமல் மின்னும் படவணுக்கள் உண்டு. இவை வெப்பப் படவணுக்கள். சிலிக்கான் உணரியில் இருள் மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியசுக்கும் இரட்டிப்பாகும். தமிழ்நாட்டின் வெப்பமான இரவுகளில் குளிர்விப்பு இல்லாத வழிகாட்டிப் படக்கருவியில் இச்சிக்கல் கூடும். மென்பொருள் இத்தகைய படவணுவை விண்மீனாக எடுத்துக்கொண்டால் வரைபடம் நேர்கோடாக, குறையே இல்லாததுபோல் ஓடும். எடுத்த படத்தில் விண்மீன்கள் நீண்டிருக்கும். மூடியை மூடி எடுத்த இருள் படங்களைச் சேமித்து மென்பொருளுக்குக் கொடுத்தால் இது தீரும்.

மிகை ஒளியும் குவியமும்: மிகப் பிரகாசமான விண்மீன் உணரியை நிறைத்துவிடும், அதன் மையத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாது. குவியம் தவறினால் மங்கலான விண்மீன்கள் தொலைந்துபோகும். விண்மீன் இழக்கப்பட்டது என்ற எச்சரிக்கை அடிக்கடி வந்தால் முதலில் வில்லையில் பனி படிந்துள்ளதா என்று பார்ப்பது நல்லது.

மென்பொருள், தாங்கிக் கோளாறுகள்

அளவீடு முடியாமை: வழிகாட்டத் தொடங்கும் முன் மென்பொருள் தாங்கியை நான்கு திசைகளிலும் நகர்த்திப் பார்க்கும். விண்மீன் போதுமான அளவு நகரவில்லை என்று அது சொன்னால், துடிப்பு தாங்கியை அடையவில்லை, அல்லது வழிகாட்டு வேகம் மிகக் குறைவு, அல்லது குவியத்தூரம் தவறாகப் பதியப்பட்டது என்று பொருள். படவணு ஒன்றின் கோண அளவை எளிதாகச் சரிபார்க்கலாம்: 206.265ஐப் படவணுவின் மைக்ரோமீட்டர் அளவால் பெருக்கி, மி.மீ. குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 3.75 மைக்ரோமீட்டர் படவணுவும் 200 மி.மீ. குவியத்தூரமும் சேர்ந்தால் சுமார் 3.87 வில்விநாடி. படக்கருவியைச் சுழற்றிப் பொருத்தினால் பழைய அளவீடு செல்லாது. புதிதாக அளக்காவிட்டால் திருத்தம் தவறான திசையில் சென்று, விலகல் குறைவதற்குப் பதில் பெருகும்.

காற்றைத் துரத்துதல்: மிகக் குறுகிய ஒளிபடு நேரத்தில் விண்மீனின் அசைவில் பெரும்பகுதி காற்றின் நடுக்கமே. அதைத் திருத்த முயலும் தாங்கி தானே ஆடத் தொடங்கும். வரைபடம் மேலும் கீழும் மாறிமாறிப் பாய்ந்தால் திருத்தத்தின் வலிமையைக் குறைப்பதும், ஒளிபடு நேரத்தை 2 முதல் 4 விநாடி வரை நீட்டுவதும் பயன் தரும்.

பல்லிடை இடைவெளி: நடுவரை விலக்க அச்சில் திசை மாறும்போது, பற்கள் ஒன்றையொன்று தொடும் வரை தாங்கி நகராது. மென்பொருள் துடிப்புமேல் துடிப்பாக அனுப்ப, பல் தொட்டவுடன் விண்மீன் தாண்டிக் குதிக்கும். நழுவும் திசைக்கு எதிராக மட்டுமே திருத்தும்படி அமைப்பது பழகிய தீர்வு.

வேறுபாட்டு வளைவு: வரைபடம் நன்றாக இருக்கும், இருள் படங்களும் கொடுக்கப்பட்டிருக்கும், ஆனாலும் படத்தில் விண்மீன்கள் ஒரே திசையில் நீண்டிருக்கும். வழிகாட்டுத் தொலைநோக்கியும் முதன்மைத் தொலைநோக்கியும் வெவ்வேறாக வளைவதே காரணம். ஹென்றி சகோதரர்கள் இரண்டையும் ஒரே குழாய்க்குள் வைத்தது இதற்காகத்தான். இன்று முதன்மைத் தொலைநோக்கியின் ஒளியிலேயே ஓரத்துக் கீற்றைச் சிறு பட்டகத்தால் திருப்பி வழிகாட்டிப் படக்கருவிக்கு அனுப்பும் முறை இதே தீர்வின் புதிய வடிவம்.

கடம்பத்தூர் வானம்

கடம்பத்தூர் சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு மேற்கே உள்ளது. சென்னையின் ஒளி கிழக்கு வானத்தைக் கெடுக்கிறது.  பின்னணி வெளிச்சம் கூடும்போது மங்கலான வழிகாட்டி விண்மீன்கள் அதில் மூழ்கிவிடும்.

ஆனால் வானவெளிச்சத்தைவிட அடிப்படையான சிக்கல் அகலாங்கு. துருவ விண்மீன் இங்கு அடிவானிலிருந்து சுமார் 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. மரங்களும் கட்டடங்களும் புகைமூட்டமும் அதை எளிதாக மறைக்கும். அந்த உயரத்தில் காற்றின் ஒளிவிலகல் விண்மீனைச் சுமார் 4 கலை உயர்த்திக் காட்டும். தாங்கியின் அச்சு ஏறத்தாழ கிடையாகப் படுத்திருப்பதால், சில தாங்கிகளில் உயரத்திருகு அவ்வளவு கீழே இறங்காது. எதிரெடை முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. உயர்ந்த அகலாங்குகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டுநூல்கள் இவற்றைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

துருவ விண்மீன் தெரியாத இடத்தில் நழுவல் முறை உதவும். தென் உச்சிவட்டத்தில், வான நடுவரைக்கு அருகே உள்ள விண்மீன் வடக்கு–தெற்காக நழுவினால் அச்சின் திசை தவறு. கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள விண்மீன் அவ்வாறு நழுவினால் அச்சின் உயரம் தவறு. நழுவல் நிற்கும் வரை திருகுகளைச் சிறிதுசிறிதாகத் திருத்த வேண்டும். நழுவலை அளக்க வழிகாட்டு மென்பொருளே போதும்.

இதே அகலாங்கு ஒரு நன்மையும் தருகிறது. வான நடுவரை தலைக்கு மேலிருந்து தெற்கே 13 பாகையில்தான் செல்கிறது. வழிகாட்டு அளவீட்டுக்குச் சிறந்த இடம் வான நடுவரையும் உச்சிவட்டமும் சந்திக்கும் பகுதி. கடம்பத்தூரில் அது வானின் உச்சிக்கு அருகே, காற்றின் தடிப்பும் ஊர்விளக்கின் பாதிப்பும் மிகக் குறைந்த இடத்தில் அமைகிறது.

காரணத்தைப் பிரித்தறிதல்

கோளாறு வந்தவுடன் எல்லா அமைப்புகளையும் ஒன்றாக மாற்றுவது பரவலான தவறு. பல மாற்றங்கள் சேர்ந்தால் எது பயன் தந்தது என்று தெரியாது. முதலில் துடிப்பு அனுப்புவதை நிறுத்தி, விண்மீனை 8 அல்லது 10 நிமிடம் வெறுமனே கவனித்தால் தாங்கியின் இயல்பு தெரியும். சீராக அலையும் கோடு சுழற்சிப் பிழை. ஒரே திசையில் சரியும் கோடு அச்சின் தவறு. ஒழுங்கற்ற நடுக்கம் காற்று. திடீர்த் தாவல் இழுபட்ட கம்பி அல்லது தளர்ந்த திருகு. பிஎச்டி2 ஒவ்வொரு இரவும் சேமிக்கும் பதிவுக்கோப்பு இதை மறுநாள் பகலில் நிதானமாகப் படிக்க உதவும்.

வழிகாட்டு வரைபடமும் எடுத்த படமும் இரு வேறு சாட்சிகள். இரண்டும் ஒத்துப்போனால் சிக்கல் தாங்கியிலோ காற்றிலோ இருக்கிறது. வரைபடம் நன்றாகவும் படம் மோசமாகவும் இருந்தால், வழிகாட்டி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது: ஒரு வெப்பப் படவணுவை, அல்லது தனியே வளையும் ஒரு குழாயை. குறுக்கிழையில் கண்வைத்துக் காத்திருந்தவர்களுக்கும் மறுநாள் கழுவி எடுத்த தட்டே இரண்டாவது சாட்சியாக இருந்தது.